எட்டு டிகிரிக் கடலில் மூன்று பேர்

படகுப் போக்குவரத்து நின்றுபோனதிலிருந்து என் கால்களுக்கு வீட்டில் நிற்கத் தெரியவில்லை. இருபத்தாறு வருடம் சீனாவின் சிங்தாவ் விரிகுடாவில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடிய படகில் டிக்கெட் கிழித்தவள் நான். கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை வந்தது, படகைக் கட்டிப்போட்டார்கள், எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சமையலறைத் தரை அசையாமல் கிடப்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. துடைத்த மேசையை மறுபடி துடைப்பேன். நாலு மாடி இறங்கிப் போய், அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க நாலு மாடி ஏறுவேன். ஒருநாள் என் கணவர் சதுரங்கப் பலகையிலிருந்து தலையைத் தூக்காமலே, "ருய்லான், நீ எங்கயாவது போயிட்டு வாயேன். எனக்குக் குதிரை எது தேர் எதுன்னே தெரியமாட்டேங்குது" என்றார்.

அப்படித்தான் மூன்றாம் எண் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கோடையில் ஊரே குளிக்கும் இடம். நவம்பருக்குப் பிறகு முப்பது நாற்பது பேர்தான் இறங்குவார்கள். எல்லாரும் வேலையை விட்டவர்கள் அல்லது வேலையால் கைவிடப்பட்டவர்கள். முதல் குளிர்காலத்தில் இரண்டு நிமிடம் நின்றேன். மூன்றாவது குளிர்காலத்தில், கரையில் பனி உறைந்து கிடக்கும்போது, தூரத்து ஆரஞ்சு மிதவை வரை நீந்திவிட்டு வந்தேன். தண்ணீருக்குள் இருக்கும் அந்தப் பதினைந்து நிமிடம் என் உடம்பு எதையும் தேடாது. வெளியே வந்து, வீட்டிலிருந்து கேனில் கொண்டுபோன சுடுதண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, இஞ்சித் தண்ணீர் குடிக்கும்போது மறுபடி தேட ஆரம்பித்துவிடும். அதனால் அடுத்த நாளும் போவேன்.

அங்கே எனக்கு இரண்டு பேர் நெருக்கம். ஒருவர் சுய் தியென்குயி. பஞ்சாலைக் கொதிகலன் அறையில் ஆயுள் முழுக்க வெந்தவர், அறுபத்து மூன்று வயது, ஒல்லி. "முப்பத்தஞ்சு வருஷம் சேத்துவச்ச சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டிருக்கேன்" என்பார். மற்றவள் சுவான்மெய். என்னைவிட ஆறு வயது சின்னவள், மீன் சந்தையில் கானாங்கெளுத்தி விற்றவள், அந்தக் குரல் இன்னும் குறையவில்லை. தியென்குயியின் மகள் வென்ஜிங்கும் சுவான்மெய்யின் மகனும் இந்தக் கடற்கரையில்தான் அறிமுகமானார்கள், நிச்சயமும் ஆனது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சம்பந்தி, சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டு, கரையில் உட்கார்ந்து ஒரே பையிலிருந்து மீன் கொழுக்கட்டை தின்றார்கள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வென்ஜிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தெற்கே ஷென்ஜெனுக்கு வேலைக்குப் போய்விட்டாள். சிவப்பு அழைப்பிதழ் எல்லா வீட்டுக்கும் போயாகிவிட்டது. சுவான்மெய் ஆங்காரத்தோடு அவர் வீட்டுக்குப் போய், மகளைத் திருப்பிக் கூட்டி வரச் சொன்னாள். தியென்குயி, அவள் கால் அவளுடையது, நான் எப்படிக் கட்டிப்போடுவேன் என்றாராம். அதோடு பேச்சு முறிந்தது.

ஆனால் கடற்கரையை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதே நேரம், அதே கல், இரண்டு பேருக்கும் நடுவில் நான். மூன்றடி தூரத்தில் இருக்கும் ஆளுக்கு என் வழியாகத்தான் செய்தி போகும். "அக்கா, அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க, அவர் துண்டு என் செருப்பு மேல கெடக்கு" என்பாள் சுவான்மெய். அவர் துண்டை எடுத்துக்கொண்டு, எடுத்தாயிற்று என்று அவளிடம் சொல்லும்படி என்னைக் கேட்பார். ஒரு வருடமும் நாலு மாதமும் இப்படியே ஓடியது. எனக்குச் சில நாள் சிரிப்பு வரும், பல நாள் இருவரையும் தண்ணீரில் முக்கிவிடலாம் போலிருக்கும்.

ஏப்ரலில் முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்து படைக்கும் திருநாளுக்கு முந்தின நாள் காலை அது. பாதி ஊர் சொந்தக் கிராமங்களுக்குப் போயிருந்தது. காலை ஆறரை மணிக்குக் கரையில் நாங்கள் மூன்று பேர், எழுபத்தெட்டு வயது மூ தாத்தா, அவ்வளவுதான். மூ தாத்தாவுக்கு இருமல், இறங்கவில்லை; பலகையில் சாக்கட்டியால் தண்ணீர் எட்டு டிகிரி என்று எழுதிவிட்டு, எங்கள் உடைகளுக்குக் காவல் உட்கார்ந்தார். காற்றில் வசந்தம் வந்திருந்தது, தண்ணீருக்கு இன்னும் தெரியாது. எங்கள் ஊரில் அந்த மாதங்கள்தான் மோசம். சூடான காற்று குளிர்ந்த கடலைத் தொட்டால் மூடுபனி கிளம்பும். எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தது, இறங்கினோம்.

இடுப்பில் கட்டிய வாரின் முனையில் காற்றடைத்த ஆரஞ்சுப் பை ஒன்று பின்னாலேயே மிதந்து வரும். நாங்கள் அதை வால்பூச்சி என்போம். மூன்று வால்பூச்சிகளும் வரிசையாக மிதவைக்குப் போய்ச் சேர்ந்தன. நான் மிதவையைத் தொட்டுத் திரும்பியபோது கரை இல்லை.

பனி வந்ததை நான் பார்க்கவில்லை. வெளிச்சம் மட்டும் பாலாக மாறியது. மிதவை தெரிந்தது, ஐந்தடி தள்ளித் தியென்குயியின் தலை, அதற்கு அப்பால் சுவான்மெய்யின் சிவப்புத் தொப்பி. அதற்கு மேல் உலகம் கிடையாது. கொஞ்ச நேரம் மிதவையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். பனி விலகும் என்று நான் சொன்னேன். எட்டு டிகிரியில் சும்மா மிதந்தால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்ட மறுத்தன.

அப்போது எங்கேயோ பாட்டு கேட்டது. காலையில் நடனமாடும் பெண்கள் ஒலிபெருக்கி வைப்பார்கள், தினமும் எங்கள் கடற்கரைக்குப் பின்னால் உள்ள நடைபாதையில்தான். சுவான்மெய் வலது பக்கம் கையைக் காட்டினாள்.

"அக்கா, அங்கதான் கரை. பாட்டு கேக்குதுல்ல? வாங்க."

பேச்சு முறிந்த பிறகு முதல்முறையாகத் தியென்குயி நேரே அவளைப் பார்த்துப் பேசினார். "பாட்டை நம்பாத. பனியில சத்தம் எங்கயோ பட்டு எங்கயோ கேக்கும். இறங்கும்போது அலை எதிரே இடது பக்கமா வந்துச்சு. இப்ப முதுகுல, வலது தோள்ல தட்டணும். அதை விடாம போனா கரை."

"அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க, அவர் பேச்சைக் கேட்டு ஒருதடவை ஏமாந்தது போதும்னு."

சொல்லிவிட்டு அவள் நீந்த ஆரம்பித்தாள். அவள் வீச்சு பெரிது. நாலு வீச்சில் சிவப்புத் தொப்பி மங்கிவிட்டது. தியென்குயி, "இவளே, நில்லு!" என்று கத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். தலையைத் திருப்பி அவள் போன பக்கம் நீந்தினார். திசை தப்பு என்று தெரிந்துதான் நீந்தினார்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்லிக்கொண்டு வருகிறேன். வலது தோளில் அலை தட்டும்படி உடம்பைத் திருப்பிக்கொண்டு, தனியே நீந்தினேன். அவர் அவளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்துவிடுவார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் திசை குழம்பிவிடும் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மையான காரணங்கள். ஆனால் இரண்டும் மனதுக்கு வந்தது பத்து வீச்சு போன பிறகுதான். முதல் வீச்சுக்குக் காரணம் எதுவும் இல்லை. உடம்புக்குக் கரை வேண்டியிருந்தது, போனது.

மணல் முழங்காலில் இடித்தது. எழுந்து நின்றேன். மூ தாத்தா உடைகளின் நடுவில் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் வாளியைக் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்குத் தண்ணீருக்குள் கேட்கவே இல்லை. கரைக்கு வந்ததும் இன்னொன்று உறைத்தது. இங்கே பாட்டு இல்லை.

"ஆடுறவங்க எங்க?" என்று கேட்டேன். வாய் கோணிக்கொண்டு வந்ததால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

நடைபாதையைக் குழாய் போடத் தோண்டியிருக்கிறார்கள், அதனால் அவர்கள் இன்றைக்கு முனைப் பூங்காவுக்குப் போய்விட்டார்கள் என்றார். அந்தப் பள்ளத்தைக் காலையில் நானேதான் பையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டி வந்தேன். மிதவையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அது நினைவுக்கு வந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

முனை எங்கள் கடற்கரைக்குக் கிழக்கே. அங்கே மணல் கிடையாது, சிப்பி ஒட்டிய பாறைகள்தான். ஆம்புலன்சைக் கூப்பிட்டு முனைக்கு வரச் சொல்லும்படி மூ தாத்தாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். உடை மாற்றவில்லை. செருப்பும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், நீச்சல் உடையில், பின்னால் வால்பூச்சி தொடையில் அடிக்க அடிக்க, கடலோரப் பாதையில் ஓடினேன். நாயோடு நடந்துவந்த ஒருவர் ஒதுங்கி வேலியில் ஏறி நின்றார். கால் எனக்குச் சொந்தமாகவே இல்லை. தட்டையான இரண்டு கட்டைகள் தரையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

முனைப் பூங்காவில் பதின்மூன்று பெண்கள் இடுப்பில் சிவப்புப் பட்டு கட்டி, பனிக்குள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒலிபெருக்கியை உதைத்தேன். அது கவிழ்ந்து இன்னும் பாடியது. தலைவி போல இருந்தவள் என்னைப் பிடித்துத் தள்ளப் பார்த்தாள், நான் குளிரில் உறைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்ததும் கையை எடுத்தாள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. மீன் சந்தைக் குரல்.

"கண்ணை மூடினீங்கன்னா கொன்னுடுவேன்! நல்லாக் கேட்டுக்குங்க. எழுபத்தி ரெண்டு வீட்டுக்குப் போய், அழைப்பிதழைத் திருப்பிக் கொடுங்கன்னு நான் நின்னேன். நீங்க எங்க இருந்தீங்க? என் பையன் நாலு மாசம் கதவைச் சாத்திக்கிட்டுக் கெடந்தான், அது தெரியுமா உங்களுக்கு? ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒரு வார்த்தை! சம்பந்தி! கண்ணைத் திறங்க! பதில் சொல்லுங்க!"

முனகல் போல ஒரு பதில் வந்தது. என்ன என்று மேலே கேட்கவில்லை.

"வெக்கமா இருந்துச்சாமே! எனக்கு இல்லையா வெக்கம்? உங்களுக்கு வெக்கம்னா ஒரு வருஷம் நாலு மாசம் என்னைத் தனியா விட்டுடுவீங்களா? யாரோட சண்டை போடுறது நான்?"

விளிம்பில் போய்ப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, அலை ஏறி இறங்கும் பாறையின் இடுக்கில், சுவான்மெய் ஒரு கையால் பாறையைப் பிடித்திருந்தாள். மறு கை தியென்குயியின் தாடைக்குக் கீழே. அவர் உதடு நீலமாக இல்லை, சாம்பலாக இருந்தது. நடுங்குவதை நிறுத்தியிருந்தார்; அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நடுங்கும்வரை உடம்பு போராடுகிறது, எங்கள் எல்லாருக்கும் முதல் குளிர்காலத்தில் சொல்லித் தருவது அது.

பிறகு நடந்ததில் பாதிதான் என் நினைவில் இருக்கிறது. அந்தப் பெண்கள் இடுப்புப் பட்டை அவிழ்த்து, நாலு நாலாக முறுக்கி முடிச்சுப் போட்டார்கள். நான் இறங்கினேன். சிப்பி முழங்காலைக் கிழித்தது, வலிக்கவில்லை. அவர் அக்குளுக்குக் கீழே பட்டைச் சுற்றிக் கட்ட என் விரலால் முடியவில்லை. பல்லால் இழுத்து இறுக்கினேன். மேலே பதின்மூன்று பேரும் நடனத்துக்கு எண்ணுவது போலவே ஒன்று, இரண்டு என்று எண்ணி இழுத்தார்கள். அடுத்தது சுவான்மெய். அவளிடம், "நீ முதல்ல போ" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். என் உடம்பு ஏன் காய்ந்திருக்கிறது என்று யோசிப்பது போல இருந்தது அந்தப் பார்வை. "கரைக்குப் போயிட்டீங்களா அக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

தியென்குயியின் உடம்புச் சூடு முப்பத்தொரு டிகிரி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஐந்து நாள் வைத்திருந்தார்கள். சுவான்மெய் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள், உள்ளங்கையில் பதினெட்டுத் தையலோடு. வென்ஜிங் விமானத்தில் வந்தாள். சுவான்மெய்யின் மகன் வேலை பார்க்கும் ஜினான் நகரிலிருந்து ரயிலில் வந்தான். ஆஸ்பத்திரி நடைவழியில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். மறுபடி சேர்ந்துவிடுவார்கள் என்று நான் ஆசைப்பட்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவனுக்கு அங்கே வேறொரு பெண் இருந்தாள். இருவரும் இயந்திரத்தில் காப்பி வாங்கி, ஜன்னல் பக்கம் அரைமணி நேரம் நின்று பேசினார்கள், அவரவர் வழியில் போனார்கள்.

பெரியவர்கள் இரண்டு பேரும்தான் மாறினார்கள். முன்பு பேசாமல் இருந்தவர்கள் இப்போது ஓயாமல் சண்டை போட்டார்கள். தான் சொன்ன திசைதான் சரி என்றார் அவர். அவள், பாட்டு இடம் மாறியது தன் தப்பா என்றாள். பின்னாலேயே வந்து பாரமானது யார் என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் வேறு அறை கேட்டாராம்.

நான் பதினோரு நாள் கடல் பக்கம் போகவில்லை. வீட்டிலும் இருக்க முடியவில்லை. பஸ் ஏறி, கடலுக்கு அடியில் சுரங்கத்தைத் தாண்டி அக்கரைக்குப் போவேன், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். ஒருநாள் அப்படி ஆறு தடவை போனேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீர், ஒரு சொட்டு உடம்பில் படவில்லை. என் கணவர் சதுரங்கப் பலகையை மடித்து வைத்துவிட்டு எனக்கு நூடுல்ஸ் செய்து கொடுத்தார். முப்பது வருடத்தில் இரண்டாவது தடவை.

பன்னிரண்டாம் நாள் போனேன். தியென்குயி பஞ்சு வைத்த கோட்டு, கம்பளித் தொப்பி, கழுத்துத் துண்டு என்று பொதிமூட்டையாகக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அடுத்த குளிர்காலம் வரை தண்ணீர் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சுவான்மெய் கை கட்டோடு மூ தாத்தாவிடம் எதையோ வாதாடிக்கொண்டிருந்தாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன்.

"அண்ணே, நான் உங்களை விட்டுட்டுப் போயிட்டேன்" என்றேன்.

"ஆமா" என்றார். "விட்டுட்டுத்தான் போன."

இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போல.

"உன் வால்பூச்சி போறதைப் பார்த்தேன். கோவம் வந்துச்சு. கூப்பிடலாம்னு நினைச்சேன், மூச்சு இல்ல. அப்புறம் குளிர்ல கோவமும் மறந்துபோச்சு." கோட்டுப் பொத்தானை ஒருமுறை கழற்றி மாட்டினார். "படுக்கையில படுத்திருந்தப்ப மறுபடி ஞாபகம் வந்துச்சு. ரெண்டு நாள் இருந்துச்சு. மூணாம் நாள் பாறையில உன் பல்லு ஞாபகம் வந்துச்சு, அந்தப் பட்டைக் கடிச்சு இழுத்தது. ரெண்டும் நீதான். நான் என்ன பண்றது?"

"நீங்க ஏன் அவ பின்னால போனீங்க? தப்பான வழின்னு தெரியும்ல?"

தெரியவில்லை என்றார். யோசிச்சிருந்தா நானும் உன் பின்னாலதான் வந்திருப்பேன் என்றார்.

அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்றுவரை இல்லை. ஆனால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை, உடையைக் கழற்றினேன். பலகையில் பத்து டிகிரி என்று எழுதியிருந்தது. சுவான்மெய் அங்கிருந்தே பார்த்துவிட்டு, தொப்பியைப் போடாமல் எங்கே போகிறீர்கள் என்று கத்தினாள். நான் கேட்காதது போல இறங்கினேன். தண்ணீர் தொடையைக் கடித்தது, வயிற்றைக் கடித்தது, கழுத்துக்கு வந்தது. மிதவை வரை போகவில்லை. கரைக்கு இணையாக, மார்பளவு ஆழத்தில், இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைக்கும் அங்கிருந்து இங்கேயும் நீந்தினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கரையில் இரண்டு பேரும் நான் எந்தப் பக்கம் திரும்புவேன் என்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.